முதல், கரு, உரி: ஜெஃப்ரி பாவாவின் தீவகக் கட்டடக்கலை – ஒரு மதிப்பீடு

ஒரு கட்டடம் ‘பண்பாட்டு வேர் உடையது’ என்னும் பாராட்டு இன்று எளிதாக வழங்கப்படுகிறது. சரிந்த ஓட்டுக்கூரை, மரத்தூண், திறந்த முற்றம், தாமரைக் குளம் ஆகியன அமைந்துவிட்டால் அப்பாராட்டுக்கு வேறு சான்று கேட்கப்படுவதில்லை. இந்தியப் பெருங்கடல் தீவுகளின் கடற்கரை விடுதிகள் பலவும் இவ்வடையாளங்களைக் கொண்டே தம்மை அவ்வம்மண்ணுக்கு உரியனவாகக் காட்டிக்கொள்கின்றன. இவ்வகைக் கட்டடங்களுக்கு முன்னோடியாகச் சுட்டப்படுபவர் இலங்கையைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா (1919–2003). இலங்கையில் மட்டுமன்றிப் பாலித்தீவு, மொரீசியசு ஆகிய தீவுகளிலும் மதுரை, சென்னை ஆகிய நகரங்களிலும் அவர் கட்டடங்களை வடிவமைத்தார். 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக்குழுவின் தலைவர் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பாவாவின் கட்டடங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒளிப்படங்களின் துணைகொண்டு வியப்பவை. வேர் என்று சொல்லப்படுவது யாது, அது யாருடைய வேர் என்னும் வினாக்கள் அவற்றில் மங்கிவிடுகின்றன. நிலத்தையும் வாழ்வையும் இணைத்துக் காணும் முறையைப் பொருளிலக்கணமாகவே வகுத்துக்கொண்ட தமிழ் மரபுக்கு இவ்வினாக்களில் சொல்லத்தக்கது உண்டு. அம்மரபின் அளவுகோல் கொண்டு பாவாவின் பணியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். இது செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இலக்கணம்; கட்டடத்துக்கு அதனைப் பொருத்துவது ஒப்புமை அளவிலேயே அமையும். ஆயினும் ஒப்புமை வலிந்து கொண்டதன்று. கட்டடமும் ஒரு நிலத்தில், ஒரு பொழுதுச் சுழற்சிக்குள் நிற்கிறது. அந்நிலத்துப் பொருள்களாலும் தொழில்களாலும் ஆகிறது. மாந்தர் ஒழுக்கம் ஒன்றுக்கு இடமாகிறது.

மனையைப் பொழுதோடு வைத்துப் பார்க்கும் பார்வை சங்க இலக்கியத்திலேயே உள்ளது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்போர் கோல்களை நட்டு, நண்பகல் நிழலைக் கொண்டு திசை அறிந்து, நூலிட்டு அளக்கின்றனர். அதே பாட்டில் தென்றலை வரவேற்கும் வேனிற்பள்ளியின் சாளரங்கள் கூதிர்க்காலத்தில் தாழிடப்படுகின்றன. விசிறிகள் பயன்பாடின்றித் தொங்குகின்றன. ஒரே வீடு பெரும்பொழுது மாறுந்தோறும் வேறொரு வீடாகிறது. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையும் நிலா முற்றத்தையும் வேனிற்பள்ளியையும் கூதிர்ப்பள்ளியையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. அவ்விடங்கள் அங்குத் தட்பவெப்ப ஏற்பாடுகளாக மட்டும் நிற்பதில்லை. கணவனோடு கூடியிருப்பவள் எங்கு இருக்கிறாள், பிரிந்தவள் எதனை அடைக்கிறாள் என்னும் உரிப்பொருளைப் புலப்படுத்தவே அவை வருகின்றன. சன்னலுக்குத் தமிழ் வழங்கிய ‘காலதர்’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. அச்சொல் சன்னலின் உருவத்தைச் சுட்டாது, அது செய்யும் தொழிலைச் சுட்டுகிறது.

மேலும் ஒரு விதி இம்மதிப்பீட்டுக்கு இன்றியமையாதது. தொல்காப்பியம் திணைமயக்கத்தை விலக்கவில்லை. ஆயினும் ஒரு நிலம் மற்றொரு நிலத்தோடு கலப்பதை அது ஏற்பதில்லை; உரிப்பொருள் அல்லாதவை கலப்பதற்கு இசைகிறது. அதாவது, கருப்பொருள் இடம் பெயரலாம். நிலமும் ஒழுக்கமும் அவ்வாறு பெயரா. பண்பாட்டு வேர் பற்றிய இன்றைய பேச்சில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாக உள்ளது. கருப்பொருளின் தோற்றமே வேர் எனப்படுகிறது. நிலமும் உரியும் பின்தள்ளப்படுகின்றன.

மல்லேஸ்வரத்தின் அயலில்

வெப்ப மண்டலக் கட்டடக்கலை என்பது ஓர் அறிவியல் துறையாக உருப்பெற்ற வரலாற்றில் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. பெர்லினில் பிறந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் (1908–1999) யூதர் என்பதால் 1933இல் செருமனியை விட்டு வெளியேறினார். எகிப்தில் சில ஆண்டுகள் இருந்த பின் 1939இல் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்றார். மல்லேஸ்வரத்தை ஒட்டி அமைந்த இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் வானூர்தியியல் துறை, உலோகவியல் துறை முதலியவற்றின் கட்டடங்கள் அவர் வடிவமைத்தவை. நீண்ட நிழற்பலகைகள், காற்றின் திசை நோக்கிய அறைவரிசைகள், வெயிலின் கோணத்தைக் கணித்து அமைத்த திறப்புகள் என அங்கு அவர் கண்ட தீர்வுகள் பின்னர் ஒரு பாடத்திட்டத்துக்கே அடிப்படையாயின. இலண்டன் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் 1954இல் தொடங்கப்பெற்ற வெப்ப மண்டலக் கட்டடக்கலைத் துறையைப் பிற்காலத்தில் தலைமையேற்று நடத்தியவர் அவரே.

அதே ஆண்டில் அதே பள்ளியில் பாவா மாணவராகச் சேர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பின்னர்ச் சட்டமும் பயின்றவர் அவர். 1957இல் தம் 38ஆம் வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். அவர் பயின்றது வெப்ப மண்டலத் துறையில் அன்று. பொதுக் கட்டடக்கலைப் படிப்பிலேயே. இவ்விருவரின் வழிகளும் வேறானவை. கோனிக்ஸ்பெர்கரின் வழி முதற்பொருளை அளவிடும் வழி: வெயில், காற்று, ஈரப்பதம், மழை ஆகியவற்றைக் கணக்கிட்டால் எந்த நிலத்துக்கும் ஏற்ற கட்டடத்தை வருவிக்கலாம் என்பது அதன் நம்பிக்கை. பாவாவின் வழி கருப்பொருளிலிருந்து தொடங்கியது.

கருப்பொருளின் மயக்கம்

கொழும்பில் பாவா பணியாற்றிய எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனம் குடியேற்றக் காலத்தது. 1950களின் இறுதியில் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் அதில் இணைந்தார். பிளெஸ்னர், பார்பரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகியோர் தீவின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேவாலயங்களையும் தேடிச் சென்று அளந்து வரைந்தனர். பழமையை உணர்ச்சியால் போற்றாமல் அளவுகோல் கொண்டு அணுகிய முயற்சி இது. நிறுவனத்தின் பிற்காலப் பணிகளுக்கு இதுவே மூலதனமாயிற்று.

1960–62இல் கட்டப்பட்ட ஈனா டி சில்வா வீடு இதன் முதற்கனி. தெருவை நோக்கித் திறக்கும் குடியேற்றக்கால பங்களாவின் அமைப்பைக் கைவிட்டு, நடுமுற்றத்தைச் சுற்றி அறைகளும் தாழ்வாரங்களும் அமைய அவ்வீடு உள்முகமாகத் திரும்பியது. நெருங்கிய நகர மனையில் காற்றும் தனிமையும் ஒருங்கே கிடைத்தன. அம்மனை கைமாறியபோது வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, பாவா 1948 முதல் உருவாக்கிவந்த லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. கல்லும் மரமும் எண்ணிட்டுப் பெயர்க்கப்பட்டன. ஆனால் அவ்வீட்டுக்குப் பொருள் தந்த நகர நெருக்கத்தைப் பெயர்க்க இயலவில்லை. கருப்பொருள் இடம்பெயரும், நிலம் பெயராது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கூரையும் இங்குக் கருதத்தக்கது. பாவாவின் கட்டடங்களில் மரபின் அடையாளமாகக் காணப்படும் நாட்டோட்டுக் கூரை பலவற்றில் நெளிவுச் சிமெண்டுத் தகட்டின்மேல் ஓடு பாவியது. தகடு மழையைத் தடுக்கிறது. ஓடு தகட்டின் வெப்பத்தையும் அழகின்மையையும் மறைக்கிறது. இதனைப் பொய்ம்மை என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் கொழும்பில் ஒழுகாத கூரையே முதற்பொருளுக்கு உண்மையானது. பழையதை அவ்வாறே திரும்பச் செய்வதன்று மரபு என்னும் தெளிவு இதில் தெரிகிறது. உலர்வலயத்தில் தம்புள்ளைக்கு அருகே 1994இல் நிறைவுற்ற கந்தலம விடுதியில் பாவா ஓட்டுக்கூரையையே கைவிட்டார். மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் அக்கட்டடம் தட்டைக்கூரையும் கற்காரைச் சட்டகமும் கொண்டது. கொடிகள் படர்ந்து அதனை மூடியுள்ளன. நிலம் மாறியபோது வடிவமும் மாறியது. அடையாளங்களை மட்டும் பின்பற்றியவர்கள் கற்கத் தவறிய பாடம் இது.

பாவாவின் கொழும்பு இல்லத்தில், நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி இணைத்து அமைத்த அந்த உள்வழியில், செட்டிநாட்டிலிருந்து கொண்டுவந்த கடைசல் மரத்தூண்கள் நிற்கின்றன. இலங்கைக் கட்டடக்கலை எனப் போற்றப்படும் வீட்டின் நடுவே தமிழகத் தூண் நிற்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் நகரத்தார் வீடுகளின் தேக்கே பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்தது. கருப்பொருளின் வரலாறு எங்கும் இவ்வாறு கலந்ததே. பழைய சிங்களக் கட்டடம், போர்த்துக்கீசியர் கட்டடம், ஒல்லாந்தர் கட்டடம் எனக் கூறுபடுத்தாமல் அனைத்தையும் இலங்கையின் நல்ல கட்டடங்கள் என்றே கொள்ள வேண்டும் என்பது பாவாவின் கருத்தாக இருந்தது. முசுலிம், ஐரோப்பிய, சிங்களக் குருதி கலந்த குடும்பத்தில் பிறந்தவர்க்கு அது இயல்பான நிலைப்பாடுமாகும். திணைமயக்கத்தை அறிந்தே கையாண்ட கலைஞர் என அவரைக் கூறலாம்.

நிறுவனத்தின் வரலாற்றிலும் இம்மயக்கம் உண்டு. பிளெஸ்னர் 1967இல் விலகிய பின் பாவாவின் பங்காளராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விளங்கியவர் பொறியாளர் கே. பூலோகசுந்தரம் என்னும் தமிழர். பெரிய கட்டடங்கள் நின்றது கோட்டோவியத்தால் மட்டும் அன்று; கட்டமைப்புக் கணக்கும் அலுவலக நிருவாகமும் அவற்றைத் தாங்கின. ஒரு கட்டடத்தை ஒருவர் பெயரால் மட்டும் வழங்கும் வழக்கத்தில் இப்பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

உரிப்பொருளின் வினா

முதலும் கருவும் இவ்வாறு திறம்பட அமைந்த கட்டடங்களில் உரிப்பொருள் எவ்வாறு அமைந்தது என்பதே கடினமான வினா. பாவாவின் பணிகளில் பெரும்பகுதி செல்வர் இல்லங்களும் சுற்றுலா விடுதிகளும் ஆகும். விடுதியில் முற்றம் இருக்கிறது. முற்றத்து வாழ்க்கை இல்லை. நெல் உலர்த்துவதற்கும் மழைநீர் வாங்குவதற்கும் மகளிர் கூடியிருப்பதற்கும் ஆன இடம் விருந்தினர் கடந்து செல்லும் காட்சியாகிறது. ஏரியை நோக்கிய கந்தலம விடுதி கட்டப்பட்டபோது, நீரும் நிலமும் தம் வாழ்வையும் வழிபாட்டையும் சார்ந்தவை எனக் கருதிய உள்ளூர் மக்களும் பிக்குகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிலத்தோற்றத்தோடு அத்துணை இயைந்த கட்டடம் நிலத்துக்கு உரியாரோடு இயைய இடர்ப்பட்டமை சிந்தனைக்குரியது.

இவ்வினா கூர்மை பெறுவது கோட்டையிலுள்ள இலங்கை நாடாளுமன்றத்தில். 1979இல் குடியரசுத் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன பாவாவிடம் அப்பணியை ஒப்படைத்தார். தியவன்னா ஓயாச் சதுப்பு அகழப்பட்டு ஏரியாக்கப்பட்டது; அதன் நடுவே தீவில் நடு மண்டபமும் சூழ்ந்த சிறு மண்டபங்களும் செப்புக் கூரைகளோடு எழுந்தன. 1982 ஏப்ரல் 29இல் அது திறக்கப்பட்டது. பெருங்கூரை தாழ்ந்து நிழல் பரப்ப, சுவர் பின்வாங்கி நிற்கும் அவ்வமைப்பு கண்டிக் காலக் கூரைகளை நினைவூட்டுகிறது என்பர். கேரள மரபோடும், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையோடும் அதனை ஒப்பிடவும் இடமுண்டு. வடிவ அளவில் அது எந்த ஓரினத்துக்கும் தனியுரிமையானதன்று. ஆயினும் வடிவத்தின் பொருளை வடிவம் மட்டும் முடிவு செய்வதில்லை. பண்டைய அரசிருக்கையான கோட்டையில், நீர் சூழ்ந்த தீவில் அது நிறுவப்பட்டமையைச் சிங்கள அரச மரபின் மீட்சியாகக் காட்டுவது அரசியலுக்கு எளிதாயிற்று. இலங்கைக் கட்டடக்கலைக்கும் தேசியவாதத்துக்கும் உள்ள பிணைப்பை அனோமா பீரிஸ், தாரிக் ஜஸீல் முதலிய ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

அக்கூரைகள் எழுந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதனின் அறிவுரையோடு, சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்து, 1959இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. குவிமாடமும் திராவிடச் சாயலும் கலந்த அதன் வடிவத்தைப் பாவாவின் கலைத்திறத்தோடு ஒப்பிட்டால் அது எளிய முயற்சியே. கருப்பொருளின் நுட்பத்தில் நாடாளுமன்றம் அதனை வெகுவாக விஞ்சும். ஆனால் ஒரு மக்கள் தம் ஒழுக்கத்தை, கற்றல் என்னும் உரிப்பொருளை, ஒரு கட்டடத்தில் வைத்து வாழ்ந்தார்கள் என்னும் அளவில் அந்நூலகத்தின் வேர் ஆழமானது. அதனால்தான் அது எரிந்தபோது ஒரு கட்டடம் அழிந்ததாக எவரும் கூறவில்லை.

நாடாளுமன்றத்தின் உரிப்பொருள் கூடிப் பேசுதல். கறுப்பு சூலைக்குப் பின் 1983 ஆகத்தில் நிறைவேறிய ஆறாவது அரசமைப்புத் திருத்தம் பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தம் இருக்கைகளை இழந்தனர். திறக்கப்பட்டு ஈராண்டு முடியுமுன் அம்மன்றத்தில் வடக்கின் குரல் ஓய்ந்தது. இதற்குக் கட்டடக் கலைஞரைப் பொறுப்பாக்குவது முறையன்று. நிறுவனத்தின் பங்காளரே தமிழர் என்பதும் மறக்கத்தக்கதன்று. இங்குக் கூறவேண்டுவது ஒன்றே. ஒரு கட்டடத்தின் பண்பாட்டு வேரைக் கூரையின் சரிவில் மட்டும் தேடும் திறனாய்வு, அக்கூரையின் கீழ் யார் அமர இயன்றது, யார் அமர இயலவில்லை என்பதைக் காணத் தவறிவிடுகிறது. இலங்கை மரபு பற்றிய நூல்களில் கண்டி வளவும் ஒல்லாந்தர் வீடும் பேசப்படும் அளவுக்கு யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும், பனைமரக் கூரைச் சட்டமும், கிடுகு வேலியும் பேசப்படாமைக்கும் இத்தவற்றுக்கும் தொடர்புண்டு.

உரியிலிருந்து தொடங்கியவர்

உரிப்பொருளைக் கட்டடத்துள் கொணர்தல் இயலாத செயல் என்பதற்கில்லை. பாவாவுக்கு முன்பே இலங்கையில் அதனைச் செய்தவர் மினெட் டி சில்வா (1918–1998). பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணியான இவர், கண்டியில் கருணாரத்ன இல்லத்தை 1949–51இல் கட்டினார். பாய் நெய்வோர், அரக்கு வேலை செய்வோர், மண்ணோடு சுடுவோர் ஆகியோரின் கைவினைகளைக் கற்காரைக் கட்டமைப்போடு இணைத்த இம்முயற்சியைப் புதுமையான வட்டாரக் கட்டடக்கலை என அவரே பெயரிட்டு எழுதினார். ‘திறனாய்வு வட்டாரவியம்’ என்னும் கலைச்சொல்லை மேலைத் திறனாய்வாளர்கள் 1980களில்தான் ஆக்கிக்கொண்டனர்.

1950களின் இறுதியில் கண்டியை அடுத்த வத்தபுளுவையில் அரசு ஊழியர்க்காக அவர் வகுத்த குடியிருப்பு இங்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. குடியேற இருந்தோர் பல இனத்தவர், பல சமயத்தவர். அவர்தம் சமையல், வழிபாடு, விருந்தோம்பல், குடும்ப அளவு ஆகியவற்றை வினாநிரல் கொண்டு கேட்டறிந்த பின்னரே அவர் வீட்டு வகைகளை வகுத்தார். அங்கு உரி முதலில் வந்தது. கருவும் வடிவமும் அதனைப் பின்தொடர்ந்தன. ஒளிப்படத்தில் அவ்வீடுகள் பாவாவின் கட்டடங்கள்போல் கவர்வதில்லை. புகழ் வரலாற்றில் அவர் பின்தள்ளப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் ‘பண்பாட்டு வேர்’ என்னும் தொடருக்கு முழுப்பொருள் தருவது இம்முறையே.

முடிவுரை

இம்மதிப்பீட்டின் பயன் இலங்கையோடு நிற்பதன்று. மல்லேஸ்வரம் 1890களில் திட்டமிடப்பட்டு, 1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் விரைந்து வளர்ந்த பகுதி. மங்களூர் ஓடு, கன்னடத்தில் ஜகலி எனப்படும் திண்ணை, சன்னலுக்கு மேல் மரச்சட்டப் பின்னலோடு கூர்ந்து நீளும் மூடி, பின்புறத்துக் கிணறு என அமைந்த அதன் பழைய வீடுகள் அருகி, அடுக்ககங்கள் பெருகியுள்ளன. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகப் பெறும் இம்மேட்டுநிலத்தில், பாலித்தீவுப் பாணி என விற்கப்படும் குளமும் கூரையும் நிலமயக்கமே ஆகும். பாவாவே கந்தலமவில் செய்யாத ஒன்று அது. மறுபுறம், இடிபடும் வீட்டின் தூண்களை எடுத்து அடுக்கக வாயிலில் நட்டுவிடுவதால் திண்ணை மீள்வதில்லை. தெருவில் செல்வோர் அமரலாம் என்னும் ஒழுக்கமே திண்ணை. அதனைக் காக்கும் கட்டடம் ஓடின்றியும் வேருடையதாகலாம்; அதனை இழந்த கட்டடம் ஓடிருந்தும் வேரற்றதே.

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. வெப்ப மண்டல அறிவியல் முதற்பொருளை நுட்பமாக அளந்தது; ஆனால் அளவில் நின்றுவிட்டது. பாவா கருப்பொருளின் கலப்பை அச்சமின்றிக் கையாண்டு, நிலம் மாறும்போது வடிவத்தையும் மாற்றிய பெருங்கலைஞர். அவர் பணியின் வன்மை அங்குள்ளது. உரிப்பொருளை அவர் கட்டடங்கள் பெரும்பாலும் செல்வர்க்கும் அரசுக்கும் விட்டுக்கொடுத்தன. அவற்றின் வரையறை அங்குள்ளது. பண்பாட்டு வேருடைய கட்டடம் என ஒன்றனைப் போற்றுமுன் அது எந்த நிலத்தது, எப்பொருளால் ஆயது என்பவற்றோடு, யாருடைய ஒழுக்கத்துக்கு இடந்தருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். மூன்றாம் வினாவுக்கு விடை இல்லாதவிடத்து முதலிரண்டின் சிறப்பும் அணியளவில் நின்றுவிடும்.